சவுக்கு நாற்றுக் கட்டும் தேக்கு ஸ்டம்ப்பும்: வாங்கலாமா?

பையும் மண்ணும் இல்லாமல், வேர் வெளியே தெரிய நூறு நூறாகக் கட்டி விற்கிறார்களே, அந்தச் சவுக்கு நாற்றை நம்பி வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வாங்கலாம். பிடுங்குகிற நேரமும் நடுகிற நேரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது முடியாது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இலையும் தளிரும் இல்லாமல் வெறும் வேர்க்கட்டையாக விற்கிற தேக்கு ஸ்டம்ப்புக்கு இந்த அவசரம் இல்லை. இரண்டையும் வாங்கி நட்டு வளர்த்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அப்பா விட்டுப்போன நிலம் கடலூர் மாவட்டத்தில், கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே. மேட்டுப்பகுதி முழுக்க மணல், வாய்க்காலை ஒட்டிக் கொஞ்சம் வண்டல். மணலில் சவுக்கு, வண்டலில் தேக்கு என்று பிரித்துக்கொண்டேன். ஆள் வைத்துச் செய்கிற விவசாயம் என்பதால், நாற்றுக்கு எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதைவிட நட்டதில் எத்தனை நிற்கும் என்பதுதான் எனக்குக் கணக்கு.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கட்டு நாற்றின் விலை பை நாற்றின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் உண்மையான மிச்சம் வண்டி வாடகையிலும் தூக்குகூலியிலும் இருக்கிறது. மண் நிரப்பிய ஒரு பை, நனைத்துத் தூக்கினால் ஒரு கிலோவுக்குக் குறையாது. சவுக்கை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்று பிடிக்கும். பழைய வழக்கப்படி ஒரு மீட்டருக்கு ஒன்று என்று நெருக்கி நட்டால் 4,000. அத்தனை பையையும் ஏற்றி, இறக்கி, வரப்பு வழியே தலைச்சுமையாகக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் கிழித்து, கிழித்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்து... அந்த வேலை ஒரு தனி நடவு. கட்டு நாற்றாக இருந்தால் ஏக்கருக்கு வேண்டியதை ஒரு சின்ன வண்டியின் மூலையில் ஈரச்சாக்குப் போட்டு எடுத்து வந்துவிடலாம்.

மலிவாகக் கொடுப்பதால் மட்டமான நாற்று என்று நினைக்க வேண்டாம். சவுக்கு விதையை மேட்டுப்பாத்தியில் தூவி, முளைத்து விரல் உயரம் வந்ததும் இன்னொரு பாத்திக்கு மாற்றி, இடைவெளி விட்டு நட்டு, நாலைந்து மாதம் தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். விதை தூவிய பாத்தியில் எறும்பு வராமல் பார்ப்பதே பெரிய வேலை, விட்டால் விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இவ்வளவு உழைப்பும் பை நாற்றுக்கும் உண்டு. பையும், அதில் நிரப்பும் மண்ணும், நிரப்பும் கூலியும், அது அடைத்துக்கொள்ளும் இடமும் கழிந்துபோவதால்தான் விலை இறங்குகிறது. பாத்தியில் வளர்ந்த வேருக்குச் சுற்றிச் சுவர் இல்லை என்பது கூடுதல் லாபம். பையிலேயே அதிக நாள் கிடந்த கன்றைக் கிழித்துப் பார்த்தால் அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். அதை அப்படியே நட்டால் மரமான பிறகும் அந்தச் சுருள் போகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பகுதி எங்களுடையது. முந்திரியும் பலாவும் சவுக்கும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு வேர் நேராக இறங்குவது எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய காற்றில் நல்ல வேருள்ள மரமும் விழும்தான். சாதாரணக் காற்றுக்கே சாயும் மரத்தை நாமே நட்டு வைக்கக் கூடாது என்கிறேன்.

இனி கடை. நான் வாங்கியது ஒரு கிராமத்து நாற்றங்காலில், குடும்பமாக நடத்துகிறார்கள். பெயர்ப் பலகைகூட இல்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் நாற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு விற்பதில்லை என்பது. முன்னாலேயே நாள் சொல்லிவிட வேண்டும். "டீச்சரம்மா, நீங்க குழி போட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு நாத்துகூடப் பிடுங்க மாட்டேன்" என்று நாற்றங்கால் நடத்தும் தம்பி சொன்னபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முதல் நாள் மாலை பாத்திக்குத் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் மண்வெட்டியை ஓரமாக இறக்கிக் கெல்லி எடுத்தார்கள், தலையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் மெல்லிய வேரெல்லாம் பாத்தியிலேயே நின்றுவிடும், கையில் வருவது வெறும் குச்சிதான்.

பிடுங்கியதும் செம்மண்ணைக் குழைத்து வைத்த தொட்டியில் வேரை முக்கி எடுத்தார்கள். அந்தக் குழம்பில் பழைய சவுக்குத் தோப்பின் மண்ணை இரண்டு கூடை கலந்திருந்தார்கள். என் மனம் நிறைந்தது அங்கேதான். அவரை, துவரை வேரில் ரைசோபியம் முடிச்சு இருப்பது பள்ளிப் பாடம். சவுக்கு பருப்பினச் செடி இல்லை, ஆனாலும் அதன் வேரிலும் முடிச்சு உண்டு. ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதற்குள் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. ஒன்றுமில்லாத கடலோர மணலில் சவுக்கு கிடுகிடுவென்று வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதுவரை சவுக்கே நடாத நிலத்தில் இந்த நுண்ணுயிர் போதிய அளவு இல்லாமல் போகலாம், அப்போது நாற்றோடுதான் அது வந்து சேர வேண்டும். அந்தக் குடும்பத்தில் யாரும் ஃபிராங்கியா என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. "தோப்பு மண்ணு போட்டா நாத்து சொணங்காது" என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அது போதும்.

வாங்கும்போது நீங்களும் கட்டைப் பிரித்து வேரைப் பாருங்கள். எல்லோரும் தலையைத்தான் பார்க்கிறார்கள்: பச்சையாக, உயரமாக இருந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். நிழலில் நெருக்கமாக வளர்த்து யூரியா போட்டால் எந்த நாற்றும் உயரமாகும். அது வெயிலில் முதல் நாளே துவண்டுவிடும். முழங்கால் உயரம் போதும். அடித்தண்டு பென்சில் கனம் இருக்கட்டும், பச்சை மாறிப் பழுப்பாகக் கட்டைபாய்ந்து இருக்கட்டும். வேரில் பக்கவேர்கள் நிறைய இருக்க வேண்டும். சிறு மணிகள் கொத்தாக ஒட்டியது மாதிரி வெளிர்பழுப்பு முடிச்சுகள் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேர் நுனி கறுத்தோ, விரலால் உருவினால் தோல் கழன்றோ வந்தால் அது போன நாற்று, மேலே எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி. சவுக்கு இந்த விஷயத்தில் ஏமாற்றும். இலை மாதிரித் தெரிகிற ஊசியெல்லாம் உண்மையில் மெல்லிய பச்சைக் கிளைகள், வேர் செத்த பிறகும் அவை சில நாள் பச்சையாகவே நிற்கும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கொஞ்சம் நாற்று பற்றாமல் வேறோர் இடத்தில் விசாரிக்கப் போனேன். அங்கே கட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் நிற்க வைத்திருந்தார்கள். எப்போது பிடுங்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். தண்ணீரிலேயே இருந்தால் வாடாது என்பது உண்மை, ஆனால் வேருக்குக் காற்றும் வேண்டும். ஒரு மணி நேரம் நனைய வைப்பதில் தப்பில்லை. இரவு பகலாக மூழ்கிக் கிடந்த வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கிவிடும். கட்டைப் பிரித்தபோது நடுவில் இருந்த நாற்றுகளில் வாடையே வந்தது. விலை இன்னும் குறைத்துத் தருகிறேன் என்றார்கள். நான் வாங்கவில்லை. நம் தம்பியிடமே மறுபடி சொல்லி, அடுத்த மழைக்குப் பார்த்துக்கொண்டேன்.

கொண்டுவரும் வழியில் கவனம் வேண்டும். வெயிலைவிடக் காற்று மோசம். மண்ணில்லாத வேரில் உள்ள மெல்லிய தூவிகள் காய்ந்த காற்றில் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். நாற்று தண்ணீர் குடிப்பது அவற்றால்தான். ஈரச்சாக்கில் சுற்றி, மேலே தென்னங்கீற்று மூடி, மெதுவாகக் கொண்டுவரச் சொன்னேன். நிலத்தில் இறக்கியதும் புங்கமர நிழலில் வைத்துவிட்டு, நடுபவர்கள் ஒவ்வொருவர் கையிலும் சேற்றுத் தண்ணீர் ஊற்றிய வாளி ஒன்றைக் கொடுத்தேன். நாற்று வாளியிலிருந்து நேரே குழிக்குப் போக வேண்டும். வரப்பில் முன்கூட்டியே வரிசையாகப் போட்டுவைத்துக்கொண்டு பின்னால் நட்டுக்கொண்டே வருவது வேகமான முறைதான். நெல் நாற்றுக்கு அது சரி, ஏனென்றால் அங்கே கீழே தண்ணீர் நிற்கிறது. இங்கே காய்ந்த மணல். நட வந்த அக்காமார்களிடம் இதை விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவர் எனக்கே ஒன்று சொல்லிக் கொடுத்தார்: நாற்றைக் குழிக்குள் கொஞ்சம் ஆழமாக விட்டு, மண்ணைத் தள்ளி, பிறகு ஒரு விரல்கடை மேலே இழுத்துவிட்டு அழுத்த வேண்டும். அப்போதுதான் மடங்கிய வேர் நேராகும். வேர் மேல்நோக்கி மடங்கி நடப்பட்ட கன்று ஒரு வருடம்கூடப் பச்சையாக நின்றுவிட்டு, கோடையில் காரணமே தெரியாமல் போய்விடும்.

மணலில் கடப்பாரையால் ஆழக்குத்தி அகட்டினாலே குழி ஆகிவிடும். பாத்தியில் இருந்த ஆழத்தைவிட இரண்டு விரல்கடை ஆழமாக நடலாம், சவுக்கு தாங்கும். குதிகாலால் சுற்றி மிதித்து அழுத்துவதை விட்டுவிடாதீர்கள். ஒரு கிளையை மட்டும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். கிளை கையோடு அறுந்து வர வேண்டும், நாற்று அசையக் கூடாது. நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். நாங்கள் ஐப்பசியில் நட்டோம், மழை பிடித்துக்கொண்டது, அதற்கு மேல் அதிகம் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நின்றது. கன்று பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்யவென்று, கூடுதலாக வாங்கிய நாற்றுகளை ஒரு மூலையில் பாத்தி போட்டு ஊன்றி வைத்திருந்தேன். நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்குங்கள், இந்த விலைக்கு அது பெரிய செலவே இல்லை.

ஆடு, மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இளஞ்சவுக்கு ஆட்டுக்கு மிகவும் பிடிக்கும். வேலி இல்லாத நிலத்தில் நாற்று எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. களையும் அப்படித்தான். கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்காவது புல் இல்லாமல் முதல் வருடம் வைத்திருந்தால், பிறகு சவுக்கே தன் உதிரலால் தரையை மூடிக்கொள்ளும்.

இப்போது தேக்கு. தேக்கு ஸ்டம்ப்பைப் பார்க்காதவர்களுக்கு அதை விற்பனைப் பொருள் என்று நம்புவதே கஷ்டம். இலை கிடையாது, தளிர் கிடையாது. பாத்தியில் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்ந்த செடியைப் பிடுங்கி, வேரும் தண்டும் சேருகிற வேர்க்கழுத்துக்கு மேலே ஒன்று இரண்டு அங்குலம் மட்டும் தண்டை விட்டு வெட்டி, பக்கவேரையெல்லாம் சீவி, ஆணிவேரைச் சாண் நீளத்துக்கு நறுக்கிக் கொடுப்பார்கள். முள்ளங்கியை வேண்டாத இடத்திலெல்லாம் வெட்டித் தள்ளியது போல இருக்கும். ஆனால் செடிக்குத் தேவையான உணவு முழுக்க அந்தக் கட்டைவேருக்குள் இருக்கிறது. வெட்டினால் தழைப்பது தேக்கின் இயல்பு. ஆனைமலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி, மரத்தை அடியோடு பெயர்க்காமல் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கவிட்டுத்தான் அங்கே தேக்குக் காட்டை மீட்டார். அவருடைய கல்லறை டாப்சிலிப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய மரத்தின் அடிக்கட்டை செய்வதைச் சாண் நீள வேரும் செய்கிறது.

ஸ்டம்ப் வாங்கும்போது கட்டைவிரல் கனம் பாருங்கள். சுண்டுவிரல் கனத்தில் இருப்பதைத் தள்ளுங்கள், அதில் உணவு போதாது, முளைத்தாலும் நோஞ்சானாகத்தான் வரும். நகத்தால் தோலைக் கீறினால் உள்ளே ஈரமாக வெண்மையாக இருக்க வேண்டும். வெட்டுவாய் சுத்தமாக இருக்க வேண்டும், மொட்டைக் கத்தியால் வெட்டிப் பிளந்திருந்தால் அந்தப் பிளவு வழியாக அழுகல் இறங்கும். நான் வாங்கிய கட்டில் கனம் ஒரே மாதிரி இல்லை, அது ஒரு குறை. ஐந்தில் ஒன்றை ஒதுக்க வேண்டியிருந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனாலும் விற்கும் முன்னே தரம் பிரித்திருக்கலாம்.

சேமிப்பில் ஸ்டம்ப்பை எதுவும் மிஞ்ச முடியாது. மழை தள்ளிப்போனதால் நிழலில் குழி வெட்டி, உலர்ந்த மணலில் அடுக்கடுக்காகப் புதைத்து வைத்திருந்தோம். வாரக்கணக்கில் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. மண் ஈரம் கண்டதும் கடப்பாரைக் குழியில் இறக்கி, வேர்க்கழுத்து தரை மட்டத்துக்கு வரும்படி வைத்து, இறுக்கி மிதித்தோம். பக்கத்தில் காற்றுப்பொந்து இருந்தால் வேர் அந்த இடத்திலேயே காய்ந்துவிடும், அதனால் குழிக்கு அருகில் கடப்பாரையை இன்னொரு முறை சாய்த்துக் குத்தி மண்ணை நெருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தளிர் எட்டிப் பார்த்தது. ஒரு கட்டையில் மூன்று நான்கு தளிர் வந்தால் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அதே வாய்க்கால் ஓரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவென்று பைத் தேக்கும் நட்டிருந்தேன். முதல் வருட முடிவில் ஸ்டம்ப் முந்திவிட்டது.

சில இடங்களில் கறையான் தின்றது உண்மை. மேட்டுச் செம்மண்ணில் நடுபவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் தேக்குக்கு ஆகாது, களிமண்ணும் வேண்டாம். நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏற்றிவிடுங்கள், பின்னால் வெட்டும்போது கைகொடுக்கும்.

விதையில்லாமல், நல்ல தாய்மரத்தின் துண்டிலிருந்து அதே மாதிரி வளர்த்தெடுக்கிற குளோன் சவுக்கு வாங்கலாமே என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் போன்ற இடங்களில் தேர்ந்தெடுத்த குளோன்கள் இருக்கின்றன. பக்கத்து நிலத்தில் ஜுங்குனியானா என்ற சவுக்கு இனத்தின் குளோன் நட்டிருக்கிறார்கள். எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே கனம். கரூர் பக்கம் காகிதபுரத்திலுள்ள காகித ஆலைக்கு என்று நடுபவர்களுக்கு அது நிச்சயம் நல்லது, நிலமும் தண்ணீரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆனால் அது தென்னை நார்க்கழிவு நிரப்பிய சின்னக் குழல்களில் வருவது, விலையும் அதற்கேற்ப இருக்கும். சாரக்கம்புக்கும் பந்தல்காலுக்கும் விறகுக்கும் மழையை மட்டும் நம்பி நடுகிற என் போன்றவர்களுக்கு விதை நாற்றுக் கட்டே போதும்.

இலவச நாற்றுகளும் உண்டு. வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்து வேம்பு, மகோகனி, வேங்கை போன்ற கன்றுகளை வாங்கலாம். அவை பையில் வரும். வரப்போரம் நூறு இருநூறு கன்று நட அதைவிட நல்ல வழி இல்லை. மண்ணில்லா நாற்று எல்லா மரத்துக்கும் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தனத்தைப் பையில், துணைச்செடியோடுதான் வாங்க வேண்டும், அதன் வேர் இன்னொரு செடியின் வேரைப் பிடித்து வாழ்வது. பலா, புளி போன்றவற்றின் ஆணிவேரை அசைக்காமல் இருப்பதே நல்லது. குமிழ் மரத்துக்கு ஸ்டம்ப் நன்றாக வரும்.

நாற்று வேண்டுபவர்கள் சித்திரை, வைகாசியிலேயே போய்ச் சொல்லி வையுங்கள். விதை தூவுவது அப்போதுதான். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு போனால் நல்ல பாத்தியெல்லாம் பேசி முடிந்திருக்கும், மீதி இருப்பது வழியோரத் தொட்டியில் நிற்கிற கட்டுகள்தான். நான் வரும் பருவத்துக்குக் குமிழ் ஸ்டம்ப் கேட்டிருக்கிறேன், இந்த முறை தரம் பிரித்துத் தருவதாகத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறார்.